கணக்கேட்டில் பெயராக இருந்தவர்கள் – தோட்டத்துச் செக்ரோல் முதல் கணக்கியல் பட்டம் வரை



எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்துப் பெற்றோர்கள் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று உண்டு. "கணக்கியல் படிக்கச் சொல்கிறார்களே, படித்து முடித்தால் கிராணி வேலைதானே கிடைக்கும்?" என்பதே அக்கேள்வி. இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. இதற்குப் பின்னால் நூறாண்டுக் காலத் தோட்டப்புற வாழ்க்கை இருக்கிறது. கணக்கு என்றால் கிராணி, கிராணி என்றால் அலுவலகத்துச் சன்னலுக்கு அப்பால் அமர்ந்து நம் சம்பளத்தைக் குறிப்பவர் என்னும் படிமம் நம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது.

ஆகவே, கணக்கியல் பட்டப்படிப்பைப் பற்றி எழுதப் புகுமுன் நம்மவர்க்கும் கணக்கேட்டுக்கும் இருந்த உறவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அந்த வரலாறு தெளிவானால், பிள்ளைகளை எந்தப் படிப்புக்கு அனுப்புகிறோம் என்பதும் தெளிவாகும்.

தமிழர்க்குக் கணக்கு புதிதன்று

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. நம் பாடநூல்களில் குடவோலையைப் பற்றிப் படிக்கிறோம். ஆனால் அவ்விதிகளுள் ஒன்றை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்கை ஒப்படைத்தே ஆகவேண்டும் என்னும் நெறி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. இன்றைய கணக்காய்வுத் துறையின் அடிப்படை நெறியும் இதுதான்.

திண்ணைப் பள்ளிகளில் பயின்ற எண்சுவடியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அரைக்கால் என்றால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 எனப் பின்னங்களுக்கு எல்லாம் தனிப்பெயர் வைத்து மனப்பாடமாக வாய்பாடு ஒப்பித்தனர் நம் முன்னோர். நில அளவும் நெல் அளவும் வட்டியும் இந்தப் பின்னங்களைக் கொண்டே கணக்கிடப்பட்டன.

செட்டியார் பேரேடு

மலாயாவுக்கு இக்கணக்கறிவைத் தொழிலாகக் கொண்டு வந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காலூன்றிய அவர்கள், பின்னர் ஈயமும் ரப்பரும் செழித்த ஊர்களுக்கெல்லாம் சென்று கடை வைத்தனர். வங்கிகள் எட்டிப் பாராத சிறுதோட்டக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்களே.

அவர்தம் தொழிலில் பயிற்சி முறை ஒன்று இருந்தது. இளம்பிள்ளை ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கடையைத் துப்புரவு செய்வதும் ஏவிய வேலையைச் செய்வதும் பெட்டியருகே அமர்ந்து கணக்கைக் கவனிப்பதும் அவன் பணி. தேறியபின் அடுத்தாள் ஆவான். பின்னர் முதலாளியின் சார்பில் கடையை நடத்தும் முகவராக உயர்வான். முகவர் பொதுவாக மூன்றாண்டு தவணையில் கடல் கடந்து வந்து, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

அன்றாட நடவடிக்கைகள் குறிப்பேட்டில் எழுதப்படும். அவை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றப்படும். பேரேட்டிலிருந்து வரவும் செலவும், கொடுக்க வேண்டியதும் வரவேண்டியதும் தொகுக்கப்பட்டு ஐந்தொகை ஆகும். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி அந்த ஐந்தொகையைப் பார்த்தே கடல் கடந்த கடையின் நிலைமையை அறிந்துகொள்வார். இன்று பல்கலைக்கழகத்தில் நிதிநிலை அறிக்கை என்று கற்பிக்கப்படுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது: முதலீடு செய்தவர் ஓரிடத்தில் இருக்க, நிருவகிப்பவர் வேறிடத்தில் இருக்க, இருவருக்கும் இடையே நம்பிக்கைக்குரிய சான்றாகக் கணக்கு நிற்கிறது. வெனிசு நகரில் 1494ஆம் ஆண்டு லூக்கா பச்சோலி அச்சில் வெளியிட்ட நூலே இரட்டைப் பதிவு முறையை ஐரோப்பா எங்கும் பரப்பியது. நகரத்தார் தமக்கென ஒரு மரபைத் தம் ஓலையிலும் தாளிலும் வளர்த்திருந்தனர்.

1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டு, அடுத்துப் பினாங்கிலும் கிளை கண்டது. பேரேட்டு அறிவு நவீன வங்கியாக மாறிய வரலாறு அது. எனினும், இவ்வறிவு ஒரு குலத்தின் கைக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதேயன்றித் தோட்டத்துப் பிள்ளைகளை வந்தடையவில்லை.

செக்ரோலும் கிராணியும்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பேராக்கின் தென்மேற்கில், பெர்ணம் ஆற்றை ஒட்டி அமைந்தது ஹுத்தான் மெலிந்தாங். முன்பு கீழ்ப்பேராக் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2017 முதல் தனி மாவட்டமாகிய பாகான் டத்தோவில் அடங்குகிறது. ரப்பரும் தென்னையும் பின்னர் செம்பனையும் இம்மண்ணை ஆண்டன. அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டத்தை டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்தன்ஹோல்ஸ் 1906ஆம் ஆண்டில் தொடங்கினார். இன்றைய யுனைட்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தோற்றுவாய் அதுவே.

முதலீடு கோபன்ஹேகனிலோ இலண்டனிலோ இருந்தது. உழைப்பு இங்கே இருந்தது. இரண்டையும் இணைத்த ஏடுதான் செக்ரோல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் நிற்பார்கள். பெயர் வாசிக்கப்படும். வந்தவர்க்கு முழு நாள், பாதியில் நின்றவர்க்கு அரை நாள், வராதவர்க்கு வெறுங்கோடு. மாத இறுதியில் நாள்கள் கூட்டப்பட்டு, முன்பணமும் அரிசிக் கடனும் கழிக்கப்பட்டு, எஞ்சியது சம்பளமாகக் கைக்கு வரும். அவ்வேட்டை எழுதியவர் கிராணி. மலாய்மொழியில் கெராணி என வழங்கும் சொல்லே நம் மக்கள் நாவில் கிராணி ஆயிற்று. கங்காணிக்கும் அந்த ஏட்டிலிருந்தே வருமானம் பிறந்தது. தம் ஆள்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தனரோ அத்தனை தலைக்கும் கணக்கிட்டு அவருக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 1920களின் இறுதியில் அரசு வரையறுத்த சம்பளம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 26 நாள் வேலை செய்த கணவனுக்கு 13 வெள்ளி, மனைவிக்கு 10 வெள்ளி 40 காசு. இருவருக்கும் இரண்டு முழு நாள்கள் அரை நாள்களாகக் குறிக்கப்பட்டால் அக்குடும்பம் இழப்பது 90 காசு, அதாவது மனைவியின் இரண்டு நாள் உழைப்புக்கும் மேல். அந்தக் குறியீடு சரியா தவறா என்று படித்துப் பார்க்கும் எழுத்தறிவு பெரும்பாலான தொழிலாளர்க்கு இல்லை. ஏட்டில் அவர்கள் பெயர் இருந்தது. ஏடு அவர்கள் கைக்கு வரவில்லை.

பால் நிறுவையிலும் இதே நிலைதான். பால்மரம் சீவி வாளியில் கொண்டுவரும் பாலை நிறுத்தபின், அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சோதித்து எழுதுவார்கள். 20 கிலோ பாலில் 30 விழுக்காடு என்றால் 6 கிலோ. 28 விழுக்காடு என்று எழுதினால் 5.6 கிலோ. நாளுக்கு 400 கிராம் வேறுபாடு 25 நாளில் 10 கிலோவாகும். எடையைக் கண்ணால் பார்த்த தொழிலாளி, விழுக்காட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கும்போது இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டன் பாட்டியர் வாழ்க்கையின் ஒரு பக்கம் அவர்களுக்குப் புரியும்.

இவ்வாறு சொல்வதால் கிராணிமார் அனைவரும் கொடியவர் என்று பொருள் கொள்ள வேண்டா. மனுவும் கடிதமும் எழுதித் தந்து உதவியவர்களும் அவர்களுள் உண்டு. ஆனால் கிராணிப் பதவிக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்து மிசனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற இலங்கைத் தமிழரும் கேரளத்திலிருந்து வந்த மலையாளிகளுமே பெரும்பாலும் அவ்விடங்களில் அமர்ந்தனர். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அங்கே அமர வழி இல்லாதிருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று பணித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அதனால் நிகழ்ந்தது. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கநிலைக்கு மேல் செல்லவில்லை. எண்ணும் எழுத்தும் கிடைத்தன. ஏட்டுக்குச் செல்லும் வழி கிடைக்கவில்லை.

கல்வி கிடைத்த இடத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதற்குச் சான்று கா. தம்புசாமிப் பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்ற அவர், 1875இல் சிலாங்கூருக்கு வந்து அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்தார். சில வேளைகளில் மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் ஏற்றுச் செய்தார். 1902இல் மறையும்வரை கோலாலம்பூரின் முன்னணிச் செல்வருள் ஒருவராக விளங்கினார். கிராணி நாற்காலியில் தொடங்கியவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

பத்து வெள்ளிச் சேமிப்பும் ஒரு வெள்ளிப் பங்கும்

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்குக்கு உரியவர் ஆயினர். செக்ரோலில் பெயராக மட்டும் இருந்தவர்கள், முதன்முறையாக உறுப்பினர் ஏட்டில் உடைமையாளராக இடம்பெற்றனர். இது சிறிய மாற்றமன்று. ஆண்டுதோறும் கணக்கறிக்கை அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். அவர்கள் அதை ஏற்கவோ வினவவோ உரிமை பெற்றனர்.

உரிமை இருந்தால் போதுமா? அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள், நகை அடகு வைத்தும் கடன் வாங்கியும் நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல் முதலீடு செய்தனர். 2010இல் பங்குகளை வாங்கிக்கொள்ள முன்வந்தபோது ஒரு வெள்ளிப் பங்குக்குத் தரப்பட்ட விலை 80 காசு. இடைப்பட்டது 28 ஆண்டு. ஈவுத்தொகையை ஒதுக்கிவிட்டு மூலதனத்தை மட்டும் பார்ப்போம். ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் ஒரு வெள்ளி 28 ஆண்டில் ஏறத்தாழ மூன்று வெள்ளியாகியிருக்கும்.

யார் மீது குற்றம் என்பதை இக்கட்டுரை ஆராயப் புகவில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. ஆண்டறிக்கை கையில் கிடைத்த நாள்களில், அதைப் பிரித்து "இந்த எண் ஏன் குறைந்தது?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் முன்னரே விழித்திருக்கும்! கணக்கியல் ஒரு பிள்ளைக்கு வேலை தேடித் தரும் படிப்பு என்பதோடு நில்லாமல், ஒரு சமுதாயம் தன் பணத்தைத் தானே காக்கும் அறிவும் ஆகும்.

எழுத்தர் வேறு, கணக்காளர் வேறு

இப்போது பெற்றோரின் கேள்விக்கு நேராக வருவோம். கணக்கு எழுதுவது ஒரு தொழில். கணக்காளர் என்பது சட்டம் காக்கும் ஒரு பட்டம். இரண்டாவதன் வரலாறு 1854இல் எடின்பரோவில் தொடங்குகிறது. தொடர்வண்டி நிறுவனங்களும் கூட்டுப்பங்கு நிறுவனங்களும் பெருகிய காலத்தில், பிறர் பணத்தைக் கையாள்வோரின் கணக்கைச் சரிபார்க்கத் தேர்ச்சி பெற்றவர்கள் தேவைப்பட்டனர். 1880இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பட்டயக் கணக்காளர் கழகம் அமைந்தது. 1904இல் இலண்டனில் தோன்றிய மற்றொரு சங்கமே இன்று ஏசிசிஏ என உலகெங்கும் அறியப்படுவது.

நம் நாட்டில் 1958இல் மலாயாவின் பொதுக் கணக்காளர் சங்கம் தொடங்கப்பட்டது. 1967இல் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டு மலேசியக் கணக்காளர் கழகம் உருவாயிற்று. எம்ஐஏ என்று சுருக்கமாக வழங்குவது இதுதான். 1987 முதல் அது முழுமூச்சுடன் இயங்கத் தொடங்கியது. இக்கழகத்தில் பதிவு பெறாதவர் மலேசியாவில் தம்மைக் கணக்காளர் என்று சொல்லித் தொழில் நடத்துதல் சட்டப்படி கூடாது. மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோர்க்கு உள்ளதைப் போன்ற காப்பு இது.

எழுத்தர் நடந்ததைப் பதிவு செய்கிறார். கணக்காளர் நடந்ததற்குப் பொருள் சொல்கிறார். சொன்னதற்குத் தம் கையொப்பத்தால் பொறுப்பேற்கிறார். இவ்வேறுபாட்டை நம் தோட்டத்து மரத்தைக் கொண்டே விளக்கலாம்.

செம்பனை மரம் நிறுவனத்தின் ஏட்டில் எங்கே இடம்பெற வேண்டும்? அது உயிருள்ளது, வளர்கிறது. ஆகவே ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் அளக்க வேண்டும் என்று அனைத்துலகக் கணக்கியல் தரமொன்று கூறிற்று. 25 ஆண்டுகள் நின்று குலை தரும் மரத்துக்குச் சந்தை விலை ஏது என்று மலேசியா உள்ளிட்ட நாடுகள் வாதிட்டன. மரம் ஓர் எந்திரத்தைப் போன்றது, அதில் விளையும் காயே விளைபொருள் என்பது அவர்தம் வாதம். 2014இல் அனைத்துலக வாரியம் தரத்தைத் திருத்தியது. 2016 தொடங்கி, காய்ப்பு மரங்கள் கட்டடத்தையும் எந்திரத்தையும் போல் நிலைச்சொத்தாகக் கருதப்பட்டு ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படுகின்றன. மரத்தில் உள்ள காய் மட்டும் நியாய மதிப்பில் அளக்கப்படுகிறது. பலகைக்காகவே வளர்க்கப்படும் காட்டு மரம் இவ்வகையில் சேராது. அப்படியானால், பால் தந்து ஓய்ந்தபின் பலகைக்கும் விற்கப்படும் ரப்பர் மரம்? இத்தகைய கேள்விக்குத் தரத்தைப் படித்து, நிறுவனத்தின் நோக்கத்தை ஆராய்ந்து, விடை கூறுபவரே கணக்காளர். அந்த மரத்தடியில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை இதற்கு விடை காண்பது எத்துணைப் பொருத்தம்!

பட்டத்துக்குச் செல்லும் வழிகள்

நம் வட்டார மாணவர்க்கு இன்று திறந்திருக்கும் வழிகளைச் சுருங்கக் கூறுவேன்.

1. நான்காம், ஐந்தாம் படிவங்களில் கணக்கியல் கோட்பாடுகள் என்னும் பாடத்தை எடுத்தல். இப்பாடத்தை எடுக்காதவரும் பின்னர்க் கணக்கியல் பயிலலாம். எடுத்தவர்க்கு முதலாண்டு எளிதாக இருக்கும். கணிதமும் ஆங்கிலமும் நன்கு அமைய வேண்டும்.

2. எஸ்பிஎம்முக்குப் பின் மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு, எஸ்டிபிஎம்மில் கணக்கியல் பாடம், பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா ஆகியன உள்ளன. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஆகும்.

3. பட்டப்படிப்பு அரசு பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தொழிற்பயிற்சியோடு சேர்த்து நான்காண்டு வரை நீளும். நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல், வரிவிதிப்பு, கணக்காய்வு, வணிகச் சட்டம், தகவல் முறைமை ஆகியன முதன்மைப் பாடங்கள். பேராக்கிலேயே கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் 2007 முதல் இயங்குகிறது.

4. தொழில்முறைத் தேர்வு வழி. ஏசிசிஏ போன்ற அமைப்புகளில் எஸ்பிஎம் முடித்தவர் அடித்தள நிலையிலிருந்தே படிப்படியாக ஏறலாம். பட்டதாரிகளுக்குச் சில தாள்களிலிருந்து விலக்கு உண்டு. வேலை செய்துகொண்டே எழுத இயலும் என்பது ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு. முன்பு தோட்டத்து இளைஞர் பலர் இரவு வகுப்புகளில் எல்சிசிஐ தேர்வு எழுதிக் கணக்கு எழுத்தரானதை நாம் அறிவோம். இது அதனினும் நெடுந்தொலைவு செல்லும் பாதை.

பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்கியல் என்னும் சொல் தலைப்பில் இருக்கும் பட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. எம்ஐஏ ஏற்கும் பட்டம் பெற்று மூன்றாண்டு உரிய பட்டறிவும் பெற்றவர் நேராக உறுப்பினராகலாம். ஏற்பில்லாத பட்டம் பெற்றவர் மேலும் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஆகவே முகவர் பேச்சையும் வண்ணத் துண்டறிக்கையையும் நம்பிக் கையொப்பமிடுமுன், "இந்தப் பட்டத்தை எம்ஐஏ ஏற்கிறதா? எத்தனை தாள்களுக்கு விலக்கு? முழுச் செலவு எவ்வளவு?" என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். 1997இல் நிறுவப்பட்ட பிடிபிடிஎன் தருவது கடன். திருப்பிச் செலுத்த வேண்டிய மாதத் தவணையைக் கல்லூரியில் சேருமுன்பே வீட்டில் அமர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். பிள்ளை போடும் முதல் கணக்கு அதுவாக இருக்கட்டும்.

படித்தபின் என்ன?

கணக்காய்வு நிறுவனத்தில் சேர்வோர் பல தொழில்களின் உள்ளமைப்பையும் குறுகிய காலத்தில் கற்பர். ஆண்டிறுதிக் காலத்தில் நள்ளிரவு வரை வேலை இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரித்துறையில் ஆலோசகர் ஆகலாம். நிறுவனச் செயலாளர் ஆகலாம். ஆலை, தோட்டம், மருத்துவமனை, வங்கி ஆகிய எல்லா இடங்களிலும் செலவுக் கணக்காளர், உள்தணிக்கையாளர், நிதி மேலாளர் பணிகள் உண்டு. அரசுத் துறையில் தலைமைக் கணக்காளர் துறை, தேசியக் கணக்காய்வுத் துறை, உள்நாட்டு வருமான வரி வாரியம் ஆகியன உள்ளன. இடைநிலைப் பள்ளியில் கணக்கியல் ஆசிரியராகவும் வரலாம். உரிமம் பெற்றுச் சொந்த நிறுவனம் தொடங்குவோரும் உண்டு.

கணினி வந்துவிட்டதே, இனிக் கணக்காளர் எதற்கு என்று சிலர் வினவுவர். கூட்டல் கழித்தல் வேலை கணினிக்குப் போய்விட்டது உண்மைதான். பதிவு மட்டுமே செய்யும் எழுத்தர் வேலை சுருங்கி வருவதும் உண்மைதான். ஆனால் விதிகள் ஓயாமல் மாறுகின்றன. 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்தது. 2018 சூனில் அது சுழியம் ஆக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பிற்று. 2024 ஆகத்து முதல், 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்கள் தொடங்கி, மின்விலைப்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சிறு கடைக்காரரும் மீன் வணிகரும் தேங்காய் மொத்த வியாபாரியும் விளக்கம் தேடி அலைகின்றனர். அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய கணக்காளர் ஒருவர் ஊரில் இருந்தால் அது எத்துணைப் பேருதவி!

தமிழ்ப்பள்ளி செய்யத்தக்கவை

இதற்கான விதையைத் தொடக்கப்பள்ளியிலேயே ஊன்றலாம். பள்ளிச் சேமிப்பு, மாணவர் கூட்டுறவுக் கடை, விளையாட்டு விழா ஆகியவற்றின் வரவு செலவை ஆறாம் ஆண்டு மாணவர்களே எழுதி, வகுப்பில் வாசிக்கச் செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கணக்கை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, பெற்றோர்க்கு வரி வரியாக விளக்கலாம். பற்று, வரவு, இருப்பு, சொத்து, கடன் ஆகிய சொற்களைத் தமிழில் அறிந்த பிள்ளை, படிவம் நான்கில் அவற்றை மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் சந்திக்கும்போது திகைக்காது. வீட்டிலும், தண்ணீர், மின்கட்டணச் சீட்டுகளையும் தாய் தந்தையின் சம்பளச் சீட்டையும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதிக்குப் பிடித்த தொகை சரியா என்று பிள்ளையே பார்க்கட்டும்.

ஆகவே, "கணக்கியல் படித்தால் கிராணி வேலைதானே?" என்று இனி யாரேனும் வினவினால், நாம் இவ்வாறு விடை கூறலாம்: கிராணி எழுதிய ஏட்டைத் திறந்து, அதில் உள்ளது சரியா என்று கேட்கும் உரிமையும் அறிவும் பெற்றவரே கணக்காளர். நம் பாட்டனார்க்கு அந்த ஏட்டில் பெயர் மட்டுமே இருந்தது. பேரப்பிள்ளை அதன் அடியில் கையொப்பமிடும் காலம் வந்துள்ளது. அதற்கு ஆயத்தப்படுத்துவது பெற்றோர், ஆசிரியர் ஆகிய நம் கடமை.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்